என் தடத்தில் கால் வைத்து வந்தவன்

இன்று காலை மோர்னிங்சைட் றோட்டில் ஒருவன் என்னைப் பின்தொடர்ந்து வந்தான்.

இரவு விழுந்த பனி கணுக்கால் அளவுக்குக்கூட இல்லை. இதற்கெல்லாம் ரொறன்ரோவில் யாரும் லீவு போடுவதில்லை. பஸ் தரிப்பை நோக்கி நடந்தேன். பின்னால் சரக் சரக் என்று சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது.

வேண்டுமென்றே றோட்டைக் கடந்தேன். அவனும் கடந்தான்.

தமிழ் முகம், ஆனால் தெரியாத முகம். இலங்கையில் சண்டை முடிந்ததிலிருந்து புதுத் தமிழரைக் கண்டால் 'இவர் யாருடைய ஆள், இயக்கமா ஆமியா?' என்றுதான் எங்களுக்கு முதலில் ஓடுகிறது.

ஃபோனில் பொலிசுக்கு 911 அடித்துத் தயாராக வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"தம்பி, என்னத்துக்கு என்ரை பின்னாலை வாறீர்?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சப்பாத்துத் தடத்துக்குள் அடங்காமல் நின்ற தன் கால்களையே பார்த்தான்.

"குறை நினையாதேங்கோ அக்கா. போன மாசந்தான் வன்னியிலையிருந்து வந்தனான். அங்கை மிதிவெடிக்குப் பயந்து, முன்னாலை போறவை மிதிச்ச இடத்திலைதான் மிதிப்பம். இஞ்சை நிலமெல்லாம் மூடிக் கிடக்கு."

"இஞ்சை மிதிவெடி இல்லைத் தம்பி."

"ஓம் அக்கா, எனக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியேல்லை."

மிச்சத் தூரமும் காலை இழுத்து இழுத்து, தடத்தை அகலமாக்கிக்கொண்டு நடந்தேன். என் நடையைப் பார்த்த பஸ் சாரதி பாவப்பட்டு, நான் ஏற வசதியாக பஸ்சின் படியைத் தாழ்த்திவிட்டார்.

அந்த பஸ்சில் இருந்த தெரிந்தவர்களுக்கு: எனக்குக் கால் வருத்தம் ஒன்றுமில்லை. ஃபோன் எடுத்து விசாரிக்க வேண்டாம்.