கல்லில் ஒரு சொட்டு அமிலம்

அரியலூர் ஸ்டேஷனில் நான் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஒரு சிமெண்ட் ஆலை கெமிஸ்ட். சட்டையெல்லாம் அமிலம் தின்ற ஓட்டைகள். உட்காருவார், எழுவார், கண்ட கல்லிலெல்லாம் புட்டியிலிருந்து ஒரு சொட்டு அமிலம் விடுவார். பொங்கினால் சுண்ணாம்புக்கல்.

"இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாம கடல்ல மிதந்த உயிருங்களோட ஓடு சார். சிமெண்ட் செய்ய இதைச் சூளையில போட்டா ஒரு காத்து கிளம்பும். உங்க சோடாவுல இருக்கே, அதேதான். அது கடல்ல கரைஞ்சா தண்ணி புளிச்சுப் போகும். இப்ப இருக்கிற உயிருங்க ஓடு கட்ட முடியாம தவிக்கும். வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்."

பாதி கட்டிய வீட்டுக்குச் சிமெண்ட் தேடி அலைந்துகொண்டிருந்த நான் பதறிப்போய், "அடுத்த மாசம் விடுங்களேன்" என்றேன்.

"எங்க வூட்டுலயும் இதையேதான் சொல்றாங்க" என்று எழுந்து நடந்தார்.

என் வீடு எழும்பிவிட்டது. அவர் வேலையை விட்டாரா என்று தெரியவில்லை. சோடா குடித்தால் மட்டும் அவரைப் போலவே என்னாலும் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.