கையில் துடிக்கும் கருவி

கஹவத்தைக்குக் கீழே ரப்பர் மரம் அரியும் மில்லில் அழகம்மாவின் வேலை, மரத்துக்குள் இரும்பு தேடுவது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். வருடக்கணக்காகப் பால் வெட்டிய மரத்துக்குள் என்னவெல்லாம் கிடக்கும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்! பால் வழிய அடித்த தகரப் பீலி, சிரட்டையைக் கட்டிய கம்பி, எவனோ சட்டை மாட்டுவதற்கு அடித்த ஆணி. மரம் பருக்கப் பருக்க எல்லாவற்றையும் பட்டை மூடிவிடும். அதில் வாள் பட்டால் வாள் அறுந்து பறக்கும். போன வருடம் சதீஸ் என்ற பையனுக்கு அப்படித்தான் ஒரு கண் போனது. அவன் நின்ற இடத்தில் இப்போது நிற்பவன் அழகம்மாவின் மகன் கிருஷாந்த்.

அதனால் அவள் எந்த மரத்தையும் லேசில் விடமாட்டாள். மில்லில் இருந்த பெரிய டிடெக்டர் இரும்பு இருக்கிறது என்று சைரன் போலக் கத்துமே தவிர, எங்கே என்று சொல்லாது. அழகம்மா பயத்தில் ஒரு முழ நீளத்துக்குச் சோக்கால் கோடு போடுவாள். அவ்வளவு மரமும் வெட்டுப்பட்டு விறகுக்குப் போகும்.

"இப்படியே போனா நான் விறகுக் கடதான் போடணும்" என்று முதலாளி ஜமால்தீன் புலம்பினார். கடைசியில், இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கிவர அவளையே இரத்தினபுரிக்கு அனுப்பினார். "புடிக்கப் போறது உங்க கை. நீங்களே பாத்து எடுங்க."

அந்தக் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அழகம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கிளினிக்குக்குப் போவதும் போகாததும் அவள் இஷ்டம். கொஞ்சக் காலமாகவே கொதிக்கக் கொதிக்க இருக்கும் தேத்தண்ணிக் கோப்பையை அவள் மட்டும் சேலைத்தலைப்பு இல்லாமல் பிடிப்பாள். தோட்டத்தில் பால் வெட்டிக் காய்த்த கை என்று பெருமை வேறு.

கடையில் நின்ற ஜுமானா என்ற பெண் கரட் கிழங்கு அளவில் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தாள். "புதையலா அக்கா?"

"எங்களுக்கு ஏது புதையலு? மரத்துக்குள்ள இருக்கிற பீலியத் தேடணும், புள்ள. அது தப்பிச்சா எம் மகன்தான் அடிபடுவான்."

ஜுமானா சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினாள். ஒன்று சத்தம் மட்டும் போடும், விலையும் குறைவு. மற்றது சத்தமும் போடும், கையிலும் துடிக்கும்.

"மில்லுல பக்கத்துல நின்னு கத்தினாலே காதுல விழாது. கையில துடிக்கிறதையே குடு."

ஜுமானா மேசையில் ஒரு சாவியை வைத்தாள். அழகம்மா நுனியைக் கிட்டே கொண்டுபோனதும் கருவி கீ என்று கத்தியது.

"துடிக்குதா அக்கா?"

"நல்லாத் துடிக்குது." வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. காது கேட்டதையே கையும் உணர்ந்ததாக நினைத்துக்கொண்டாள், பாவம்.

மறுநாள் ஒரு தடித்த மரத்துக்குப் பெரிய டிடெக்டர் கத்தியது. அழகம்மா புதுக் கருவியால் சுற்றிச் சுற்றித் தடவினாள். கை சும்மா இருந்தது. பெரிய மெசினுக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டி, நல்ல மரம் என்று சோக்கால் சரி போட்டாள். மரம் வாளுக்குப் போனது.

அவள் புறங்கையால் முகத்து வியர்வையைத் துடைத்தாள். கையிலிருந்த கருவி கன்னத்தில் பட்டு, காதுத் தோட்டுக்குக் கிட்டே போனது. கன்னத்தில் ஏதோ குளவி போலத் துடித்தது. திடுக்கிட்டுக் கையைப் பார்த்தாள். மறுபடி கருவியைத் தோட்டருகே வைத்தாள். கன்னம் நடுங்கியது. அதைப் பிடித்திருந்த விரல்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"நிப்பாட்டுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய் வாளின் சுவிச்சை இழுத்து நிறுத்தினாள்.

"என்னம்மா, பைத்தியமா?" என்றான் கிருஷாந்த்.

"அந்த மரம் வேணாம்டா."

அவன் கருவியைப் பிடுங்கி மரத்தில் வைத்துப் பார்த்தான். ஓரிடத்தில் அவன் கை நின்றது. உளியால் கொத்தினான். பட்டைக்குள் முழுசாக ஒரு பீலி. வாள் அதற்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது.

ஜமால்தீன் வந்து பார்த்தார். "சாமான் வேல செய்யுதே. உங்களுக்கு எப்படித் தப்பிச்சுது?"

"பெட்டரி லூசா இருந்திருக்கும், முதலாளி."

எனக்கு அவள் மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் உணர்ச்சி இல்லாத கைக்கு அந்தப் பக்கத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? உண்மையைச் சொன்னால் வேலையில்லாமல் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். சொல்லாவிட்டால் அவள் சரி போட்ட மரத்தின் முன்னால் நாளைக்கும் நிற்கப்போவது அவள் பெற்ற பிள்ளை.

கிருஷாந்த் அவளை மர அடுக்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"கைய நீட்டும்மா. கண்ண மூடு. நான் விரல்ல தொடுவேன், தெரியிறப்ப சொல்லு."

"என்னடா வெளையாட்டு இது?"

"மூடும்மா."

மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் போனது. அவன் தொட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

"தெரியுது" என்றாள்.

"எந்த விரலு?"

"சுண்டு விரலு."

அழகம்மா கண்ணைத் திறந்தாள். கிருஷாந்த் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.