தோழியிடம் நானே சொல்ல வேண்டியிருந்த செய்தி

சில ஆண்டுகளுக்கு முன்பு, கடலூர் செம்மண்டலம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. நானும் என் தோழியும் ஒரே சமயத்தில் அங்கே நர்ஸாகச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் வீடு சிதம்பரத்தில். தினமும் ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட், வழியெல்லாம் பேச்சு.

நர்ஸ்களுக்கான மேற்பார்வையாளர் பதவி காலியானபோது எங்கள் இருவர் பெயரும் அடிபட்டது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் மருத்துவமனை நிர்வாகம் படித்திருந்ததால் எனக்குக் கிடைத்தது. அவள் கைகொடுத்து வாழ்த்தினாள். ஆனால் மறுநாளிலிருந்து பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தாள். ‘வாடி போடி’ போய் ‘மேடம்’ வந்தது. போகப்போகச் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த மாதமே ஒரு மதியம், ஆலப்பாக்கம் அருகே லாரி மோதியதாக ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். தோழியின் கணவர். டாக்டர்கள் போராடிக்கொண்டிருக்க, அவர் கையைப் பிடித்தபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் மாடியில் குழந்தைகள் வார்டில் டூட்டியில் இருந்தாள்.

“நீங்கதான் சிஸ்டர் சொல்லணும். உங்க ஸ்டாஃப் அவுங்க” என்றார் டாக்டர்.

‘லேசான அடிதான்’ என்று சொல்லிக் கீழே கூட்டிவந்துவிடலாமா என்று படியேறும்போது தோன்றியது. அப்படிச் சொல்லிக் கூட்டிவரப்பட்டவர்கள் கீழே வந்து கதறியதை நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு வரவில்லை.

அவள் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். “ரவுண்ட்ஸா மேடம்? இத முடிச்சிட்டு வரேன்” என்றாள். குழந்தை அழுது ஓயும்வரை காத்திருந்தேன். பிறகு பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், அருகில் உட்கார்ந்து, உள்ளதைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. “ஏதாச்சும் பேசினாராடி?” என்றாள்.

“இல்லடி. நெனவே இல்ல. ஆனா கடைசி வரைக்கும் நான் அவர் கையப் புடிச்சிட்டுதான் இருந்தேன்.”

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் உடைந்தாள். கீழே இறங்கப் போகும்போதுகூட, “அந்தப் புள்ளைக்கு சாயங்காலம் இன்னொரு டோஸ் இருக்கு. யார்கிட்டயாவது சொல்லிடு” என்றாள்.

அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை முடிந்து, புவனகிரி அருகே அவருடைய சொந்த ஊருக்கு உடலோடு நானும் போனேன். அவள் திரும்ப வேலைக்கு வரவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். மகளோடு மங்கலம்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போதாவது போனில் பேசுவோம்.

நான் இன்று அதே மருத்துவமனையின் நிர்வாக மேலாளர். இப்படிப்பட்ட செய்தி எதையும் வேறு யாரையும் அனுப்பிச் சொல்ல வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நானே போகிறேன். அவளிடம் சொன்ன அன்றுபோலவே, அருகில் உட்கார்ந்து, உள்ளதைச் சொல்கிறேன்.