அப்பா விரதம் முறித்த கோடை

பிற்பகல் மூன்றேகால் மணிக்கு எதிர்வீட்டு அடுப்படிக் கூரையிலிருந்து புகை எழுந்தது. பர்மாவில், தாமுவேயில் எங்கள் சந்து முழுக்க மரவீடுகள். கோடையில் வீட்டுக்கு வீடு முறைவைத்துத் தீக்காவல் இருப்பார்கள். தீயைக் கண்டவர் சந்துமுனையில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்து, எந்த வீடு என்று கூவ வேண்டும். அன்றைய முறை அப்பாவுடையது.

அப்பாவோ மௌன விரதம். டைபாய்டில் கிடந்து பிழைத்த எனக்காக, அம்மன் கோயில் பூமிதி முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று காப்புக் கட்டியிருந்தார். காவல்முறையை மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு, கண் இருக்கிறதே என்று சைகை காட்டியவர்.

தண்டவாளத்தை அடி அடியென்று அடித்தார். கோயில் மேளமும் அப்போது முழங்கிக்கொண்டிருந்ததால், திருவிழாச் சத்தம் என்று ஒருவரும் எழுந்து வரவில்லை. பாதிச் சந்து பகல் தூக்கத்தில் இருந்தது. காற்று எங்கள் பக்கமாக வீசியது. வாசலில் நின்று நானும் கத்திப்பார்த்தேன். காய்ச்சல் தின்றுபோட்ட குரல் படிகூட இறங்கவில்லை.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்சம் நீளமாகவே பார்த்தார்.

பிறகு, "மீ! மீ!" என்று பர்மிய மொழியில் நெருப்பைக் கூவினார். சந்தே எழுந்து ஓடிவந்தது. அடுப்படியோடு தீ நின்றது.

"அண்ணே, இம்புட்டுச் சத்தத்தயும் வயித்துக்குள்ளயா வச்சிருந்தீங்க?" என்றார் வாளியோடு வந்த பக்கத்து வீட்டு மாமா.

அப்பா சிரிக்கவில்லை. கடையிலிருந்து ஓடிவந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "புள்ளைக்கு எடுத்த விரதமாச்சே" என்று அழுதாள். எனக்கு மறுபடி காய்ச்சல் வரும், சாகப்போகிறேன் என்று நானும் முடிவுசெய்தேன்.

நல்ல மனிதனும் நல்ல குடிமகனும் எப்போதும் ஒரே ஆளாக இருக்க முடியுமா என்று பழைய கிரேக்கர்கள் வாதாடினார்களாம். என் மகள் படித்துவிட்டு நேற்று சொன்னாள். இன்றும் புகை வாசம் பட்டால் முதலில் அவள் அறையைத்தான் எட்டிப்பார்க்கிறேன்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கோயில் பூசாரி வந்தார். அப்பா காப்புக் கையை நீட்டினார், அவிழ்த்துவிடுங்கள் என்பதுபோல. பூசாரி சொன்னதைக் கேட்டு அம்மா சிரித்தாள், அப்பா விம்மினார். இரண்டும் எதற்கென்று அன்று எனக்கு விளங்கவில்லை. பூசாரி சொன்னது இவ்வளவுதான்: "தெரு எரிஞ்சிருந்தா ஆத்தா மட்டும் எங்கய்யா போயிருப்பா? காப்பு கையிலயே கெடக்கட்டும். நாளைக்கு நேரத்தோட பூக்குழிக்கு வந்து சேரு."