பழுப்பு ஸ்லாட்

எங்கள் வீட்டில் பொருந்தாத பொருள் என்று ஒன்று இருந்ததில்லை. அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பிட்டர். குக்கர் மூடி இறுகினாலும், கட்டில் கால் நொண்டினாலும், பீரோ சாவி திரும்ப மறுத்தாலும் அவர் கை தேடுவது அரத்தைத்தான். “அரத்துக்கு அடங்காதது எது?” என்பார். நாலு இழுப்பு இழுப்பார், பொருந்திவிடும். நான் செய்த தப்பில் அந்த அரத்துக்கும் பாதிப் பங்கு உண்டு என்று இன்றைக்கும் சாதிப்பேன்.

அதே மில்லில் சித்தப்பாவுக்குப் பஞ்சுத் தரம் பார்க்கும் வேலை. பொதியிலிருந்து ஒரு சிட்டிகை உருவி வெளிச்சத்தில் பிடித்து, இது மழையில் நனைந்தது, இது பழுப்பு ஏறியது என்று சொல்லிவிடுவார். அவர் வேண்டாம் என்ற பொதி வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். மில் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். பிள்ளை படிப்புக்கு என்று அம்மாவிடம் சொன்னார். நானும் அவரும் அதில் கார் ரேஸைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஏழாம் வகுப்பு. புதிதாக ஒரு ரேஸ் சி.டி. கிடைத்தது. போட்டால், கார் ஒரு அடி நகரும், நிற்கும், யோசிக்கும், மறுபடி நகரும். மரமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் கார் பறக்கும் என்று அந்தக் கடைக்காரர் சொன்னதிலிருந்து எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

தீபாவளி போனஸ் வந்த மறுநாள் சித்தப்பா கார்டு வாங்க பஸ் ஏறினார். மத்தியானம் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. ஓடினேன்.

“ஏட்டி, கார்டு செருகுற ஸ்லாட்டு ரெண்டு கலர்ல இருக்குமாம். வெள்ளைக்கு ஒரு கார்டு, பழுப்புக்கு ஒரு கார்டாம். பழுப்புதான் புதுசு, அம்புட்டு வேகம்ங்காரு. நம்ம பொட்டியில பழுப்பு இருக்கான்னு தொறந்து பாரு. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் தொறக்கணும், கேட்டியா? செத்த நேரம் கழிச்சுக் கூப்பிடுதேன்.”

நாலு திருகாணியையும் கழற்றி மூடியைத் தூக்கினால், உள்ளே ஒரு தலையணைக்குக் காணும் பஞ்சுத் தூசி. ஊதினேன், தும்மினேன், மறுபடி ஊதினேன். கறுப்பில் இரண்டு ஸ்லாட், வெள்ளையில் மூன்று. வெள்ளை ஒன்றில் பழைய கார்டு உட்கார்ந்திருந்தது. டார்ச் அடித்தும் பார்த்தேன். பழுப்பு இல்லவே இல்லை.

அழுகை முட்டியது. வெள்ளை என்று சொன்னால் மெதுவாக ஓடும் கார்டுதான் வரும். பழுப்பு வந்துவிடட்டும், பொருத்துவதற்கு அப்பா இருக்கிறார், அரம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் போன் மறுபடி அடித்தது.

“பழுப்பு இருக்கு, சித்தப்பா.”

“நல்லாப் பாத்தியா?”

“பழுப்பேதான்.”

சாயங்காலம் பால்கோவாவும் கார்டுமாக வந்து சேர்ந்தார். மூடியைத் திறந்தார். கார்டை வைத்துப் பார்த்தார், எடுத்தார், குனிந்து உள்ளே பார்த்தார். “சேரலை. நாளைக்குப் போயி மாத்திக்கிடுதேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

அந்த நேரம் பார்த்து அப்பா ஷிப்டு முடிந்து வந்தார். கார்டை எடுத்துத் திருப்பினார். “ரெண்டு நூலு தள்ளி இருக்கு. இதுக்குப் போயி எவனாவது மாத்துவானா?” அரம் வெளியே வந்தது. நான் தடுத்திருக்கலாம். தடுக்காததோடு, மேஜை விளக்கையும் தூக்கிப் பிடித்தேன்.

“அண்ணே, வேண்டாம்ணே! அது இரும்பில்லண்ணே!” என்று சித்தப்பா ஈரக்கையோடு ஓடி வருவதற்குள், தங்க நிறப் பல் வரிசையில் பாதி பொடியாகி அப்பாவின் காக்கிச் சட்டையில் மின்னிக்கொண்டிருந்தது.

அரம் தோற்கவில்லை, கார்டு உள்ளே போனது. சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பாகவே நிற்க, பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. அப்பா மூன்று தடவை போட்டு அணைத்தார். மூன்று தடவையும் அதே கத்தல். பழைய கார்டைத் திரும்பச் செருகிய பிறகுதான் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. அரம் பட்ட கார்டை எந்தக் கடைக்காரர் திரும்ப வாங்குவார்?

அப்பாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. “பொட்டியப் பாத்து இந்தக் கார்டு சேரும்னு சொன்ன மகராசன் யாரு?”

நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன்.

“நாந்தாண்ணே பாத்தேன்” என்றார் சித்தப்பா. “வெள்ளையப் பழுப்புன்னு நெனச்சுட்டேன்.”

அப்பாவின் கோபம் சிரிப்பாக மாறியது. “ஏலே, தரம் பாக்குறவனுக்கு வெள்ளைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியலையாக்கும்!”

அப்பா வாய் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் மில் முழுக்கப் பரவிவிட்டது. சித்தப்பாவுக்குப் ‘பழுப்பு’ என்று பெயர் விழுந்தது. அவர் ஒரு பொதியைக் கழித்தால், “ஒங்க கண்ணு லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே” என்று பஞ்சு வியாபாரிகள் மல்லுக்கு நின்றார்களாம். சில நாள் வீட்டுக்கு வந்து ரேஸ் கூட ஆடாமல் படுத்துவிடுவார்.

எனக்கோ தப்பித்த சந்தோஷம். கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. அவரே குனிந்து பார்த்தார். பார்த்த பிறகும் பழுப்பாகத் தெரிந்தது என்கிறாரே! போனில் நான் சொன்னதைக்கூட மறந்துவிட்டாரா? சோதித்துவிடுவது என்று ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்து நீட்டினேன்.

“சித்தப்பா, இது என்ன கலரு?”

அதை வாங்கி, பஞ்சைப் பார்ப்பது போலவே வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீ என்ன கலருன்னு சொல்லுத?”

“வெள்ளை.”

“அப்ப வெள்ளைதான். நீ சொன்னாச் சரி.”

எனக்குப் பாவமாகிவிட்டது. நேராக அடுப்படிக்குப் போய், சித்தப்பாவுக்குப் பார்வை சரியில்லை, சீக்கிரம் மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று அம்மாவிடம் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.