எஃப்.சி.க்கு வந்த ரெண்டு சீட்டு கார்

போன வெள்ளிக்கிழமை கோவில்பட்டியில் ஒரு காருக்குத் தலைக்கு ஊற்றிவிட்டோம். வாட்டர் சர்வீஸ் இல்லை. சீயக்காய் போட்டு, வெந்நீர் விட்டு... அதுவும் பிரேக் இன்ஸ்பெக்டர் கண் முன்னால்!

கார் என் அக்கா வீட்டுக்காரருடையது. அத்தான் விளாத்திகுளம் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிறார். அறுபது எழுபது ஆடு நிற்கிறது. நல்ல மனிதர். ஒரே ஒரு கிறுக்கு - ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். இளவயதில், மலையில் ஏதோ டீ எஸ்டேட் கைமாறியபோது ஆசைப்பட்டு வாங்கியது. வெளிநாட்டு வண்டி. என்னைவிட மூத்தது. சிவப்பு நிறம், துணிக் கூரை, இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் போகும். அத்தானோ ஆறடி. அவர் ஓட்டி வருவதைப் பார்த்தால் யாரோ அண்டாவுக்குள் உட்கார்ந்து வருவது மாதிரி இருக்கும்.

அந்த வண்டிக்கும் எங்கள் கரிசல் மண்ணுக்கும் எந்த ஜென்மத்துப் பகையோ தெரியாது. காய்ந்தால் வெடிப்பில் டயர் இறங்கும். நனைந்தால் சகதி அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. ஆகவே வருடத்தில் பாதி நாள் கார் ஆட்டுக் கொட்டகைக்குள் நிற்கும், ஆடுகள் வெளியே நிற்கும். அக்காவின் கோபம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

“இருக்கது ரெண்டு சீட்டு. ஒண்ணுல இவிய, இன்னொண்ணுல புண்ணாக்கு மூடை. நான் மட்டும் பஸ்ஸுல வரணும். ஏலே, இதெல்லாம் ஒரு காரா?”

என்னிடம்தான் கேட்பாள்.

பழைய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். வண்டியைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். ஊர்ப்பேச்சில் எஃப்.சி. இந்தத் தடவை அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

“பாஸாச்சுன்னா கொட்டகையில கெடக்கட்டும். பெயிலாச்சுன்னா, அப்படியே பழைய இரும்புக் கடையில தள்ளிட்டுத்தான் வீட்டுக்கு வரணும்.”

அத்தான் தலையாட்டிவிட்டார். ஆனால் மனிதருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் அந்த வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தார். பிரேக் ஷூ மாற்றினார். இண்டிகேட்டருக்கு மதுரை வரை போனார். வைப்பருக்காகப் பத்து நாள் அலைந்தார். எங்கள் பக்கம் வைப்பருக்கு அலைந்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்... மழை பெய்தால்தானே!

வெள்ளிக்கிழமை காலை கார் எஃப்.சி. பார்க்கும் மைதானத்தில் வந்து நின்றது. சுற்றிலும் லோடு ஆட்டோ, டிராக்டர், ஸ்கூல் வேன். நடுவில் இது, முழங்கால் உயரத்தில். உள்ளூர்க்காரன் என்பதால் துணைக்கு நானும் போயிருந்தேன். அக்கா பஸ் பிடித்து வந்து இறங்கினாள்.

“நீ எதுக்குக்கா வந்த?”

“பெயிலாகுறத நான் கண்ணால பாக்கணும்லா.”

இன்ஸ்பெக்டர் ஓர் இளம்பெண். சிரிக்கவே மாட்டேன் என்று யாரிடமோ சத்தியம் செய்துகொடுத்தவர் போல இருந்தார். பிரேக் பார்த்தார், நின்றது. லைட், இண்டிகேட்டர், ஹார்ன்... எல்லாம் ஓகே. வைப்பர் ஆடியபோது அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேரன் மேடையில் ஆடுகிற மாதிரி பூரித்துப் போய் நின்றார்.

பிறகு இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். சேசிஸ் இரும்பில் கொத்தியிருக்கும் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

“நம்பர் எங்க சார்?”

அத்தான் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும் மஞ்சளும் சிவப்புமாக விரல் தடிமனுக்கு ஒரு பூச்சு அப்பியிருந்தது. ஒரு மாதம் வண்டிக்கு அடியில் குடியிருந்தவர் மேலே இந்த மூலையைப் பார்க்கவே இல்லை.

“இங்கனதான் இருந்துச்சு மேடம்...”

“நம்பர் தெரியலைன்னா நான் எதுவும் செய்ய முடியாது. ரிஜெக்ட்தான் பண்ணணும். யாரு இதைப் பூசுனது?”

“நான்தான் தாயி” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் அக்கா!

போன எஃப்.சி.யில் ஓர் இன்ஸ்பெக்டர், ‘இந்த நம்பர்தான் வண்டிக்கு உசிரு, துருப்பிடிக்காம பாத்துக்கிடுங்க’ என்று சொல்லி அனுப்பினாராம். அத்தான் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் நம்பருக்கு நல்லெண்ணெய் தடவி, அதன் மேல் சந்தனம், குங்குமம். ஐந்து வருடப் பொட்டு. இடையிடையே கரிசல் புழுதி!

அத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அக்கா கையைப் பிடித்துவிட்டாள்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்டைச் சொரண்டுவியளா?”

“சொரண்டலைன்னா வண்டி இரும்புக் கடைக்குத்தான்ட்டி!”

அக்கா ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டாள். “சொரண்டத்தான் கூடாது. தலைக்கு ஊத்தலாம்லா? பொம்பளைக்கு வெள்ளிதான நாளு. ஏலே, சீயக்காய் வாங்கிட்டு வா. டீக்கடையில வெந்நி கேளு.”

கார் பொம்பளை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“அரை மணி நேரம் தாரேன்” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் டிராக்டர் பக்கம் போனார்.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் வெந்நீர் ஊற்ற, அவள் தேய்க்க, அத்தான் பானெட்டைப் பிடித்தபடி நின்றார். லோடு ஆட்டோக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதல் எழுத்து தெரிந்தது. இரண்டாவது வந்தது. கடைசி மூன்று நம்பர் மட்டும் வரவே இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “ஏன்க்கா, இரும்புக் கடைக்குப் போற வண்டிக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? இதுக்குப் போய் வாராவாரம் பொட்டு வேற...”

“அதுலதானலே இவிய ஏறிப் போறாவ” என்றாள், நிமிராமலே.

நான் அடுத்த சொம்பு வெந்நீரை ஊற்றினேன். வீட்டுக்கு வீடு இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். காலையிலிருந்து கரித்துக் கொட்டுவார்கள். அவர்கள் ரகசியமாக எதைக் காப்பாற்றுகிறார்கள் என்று நாம்தான் பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது கடைசி நம்பரும் பளிச்சென்று நின்றது. தாளை வைத்தார், பென்சிலால் தேய்த்தார், புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். அந்த இரண்டு நிமிடம் அத்தான் மூச்சு விட்டாரா என்று சந்தேகம்தான்.

“பாஸ். இன்னும் அஞ்சு வருசத்துக்கு ஓட்டலாம்.”

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கையிலிருந்த சீயக்காயை உதறிவிட்டு, இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

“ஏந் தாயி, அஞ்சு வருசந்தானா?”