பேய் இல்லாத படம்

மாரிசெல்வியின் முதல் படத்தில் பேய் நான்தான். சங்கரன்கோவிலில் நாங்கள் இருவரும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறோம். போனிலேயே எடுத்து, போனிலேயே வெட்டி ஒட்டி, கூடத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாள். நான் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு வர, பின்னால் இசை அலற, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்களோடு தறி ஓட்டும் முத்துத்தாய் மதினிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. மாரிசெல்விதான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

"அடுத்ததுக்கும் சிரிச்சாங்கன்னா இந்தப் படமெடுக்கிற வேலையே வேண்டாம், பிரின்ஸ் அண்ணே."

அடுத்த படத்தில் பேயே கிடையாது என்றபோது எனக்குச் சுருக்கென்றது. இசையும் இல்லை. தறிகளுக்கு நடுவே ஒரு பெண் நடந்து போகிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. கேமரா அவள் பின்னாலேயே போகிறது. தறிச் சத்தம் காதை அடைக்கிறது. அவள் ஒரு தறிக்குப் பின்னால் மறைந்ததும் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. பிறகு மேலே சுற்றும் ஃபேன். அவ்வளவுதான் படம்.

"ஃபேனை எதுக்கு இம்புட்டு நேரம் காட்டுத?"

"நம்ம ஆளுங்களுக்குத் தெரியும்ணே."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓனர் கொடுத்த டிவியில் போட்டாள். மதினி சிரிக்கத் தயாராக முன்னால் உட்கார்ந்திருந்தாள். சத்தம் நின்றது. "கரண்டு போயிட்டு," என்றார் யாரோ. அடுத்து ஃபேன் வந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது.

கரண்ட் இருக்கும்போதே எல்லாத் தறியும் ஒன்றாக நின்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கோ கை மாட்டியிருக்கிறது, மற்றவர்கள் தறியை நிறுத்திவிட்டு ஓடியிருக்கிறார்கள். மதினி எழுந்து நின்றுவிட்டாள்.

படம் அத்தோடு முடிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மாரிசெல்வி ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. எனக்கோ மதினியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?"

அதை மட்டும் யார் கேட்டாலும் சொல்லவே கூடாது, பார்ப்பவர்களே நினைத்துப் பயப்பட வேண்டும் என்று என்னிடம் பத்துத் தடவை படித்துப் படித்துச் சொன்னவள் மாரிசெல்வி. இப்போது மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகல மதினி. துப்பட்டாதான் மாட்டிச்சு. கை நல்லாருக்கு."

அதற்குப் பிறகுதான் மதினி உட்கார்ந்தாள்.